ஒரே மானில் இரண்டு குண்டுகள்

ரொறன்ரோவின் மில்லிக்கன் பக்கத்துக் கடைத்தொகுதிகளில் கோப்பிக் கோப்பையுடன் நிற்பவர்கள் ஜவ்ஃபரைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்கள். கத்தோலிக்கன் ஒருவனின் கைபட்டது என்பதற்காக ஒரு மான் இறைச்சியைத் தீட்டு என்று திருப்பிக் கொண்டுவந்து, பதினைந்து ஆண்டுச் சிநேகிதனின் கராஜுக்குள் எறிந்துவிட்டுப் போன மனிதர் என்பது அக்கதை. அதைச் சொல்பவர்களில் ஒருவர்கூட அந்த மான் விழுந்த காட்டுக்குப் போனவர் அல்லர். மான் சுடும் துவக்கைத் தொட்டுப் பார்த்தவரும் அல்லர். நான் ஜவ்ஃபரை நன்கு அறிவேன். நடந்ததை நேரில் கண்ட மற்றொருவரிடமும் கேட்டு அறிந்திருக்கிறேன். ஆகவே நடந்தவற்றை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன். இடையிடையே கோபம் தலைகாட்டினால் வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதை அடக்கி எழுத நான் முயன்றேன், இயலவில்லை.

ஜவ்ஃபர் மன்னார்த் தீவிலுள்ள எருக்கலம்பிட்டியில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது குடும்பத்துடன் புத்தளம் சென்றார். சில ஆண்டுகளின் பின் கனடாவுக்கு வந்தார். ரொறன்ரோவில் அவர் பழகிய தொழில் தரைக்கு ரைல்ஸ் என்னும் ஓடு பதிப்பது. என் வீட்டுச் சமையலறைத் தரையும் அவர் பதித்ததுதான். மற்றவர்கள் இரண்டு நாளில் முடிக்கும் வேலையை அவர் நான்கு நாள் செய்வார். ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டால், ஒருமுறை பதித்த ரைல்ஸை உடைக்காமல் எடுக்க முடியாது என்பார். அவ்வளவுதான் பதில்.

அந்தத் தொழில் அவருடைய முழங்கால்களைத் தின்றுவிட்டது. நாள் முழுவதும் முழங்காலில் நின்று செய்யும் வேலை. பஞ்சு உறை கட்டிக்கொண்டாலும் சீமெந்துத் தரை தன் வேலையைக் காட்டிவிடும். இன்று அவரால் படி இறங்கும்போது கைப்பிடியை விடமுடியாது. இதை நான் இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம், அவர் துவக்கைப் பிடிக்கும் விதம் இந்த முழங்கால்களில் இருந்தே தொடங்குகிறது என்பதுதான்.

அவரை வேட்டைக்கு முதன்முதலில் அழைத்துச் சென்றவர் கிளிபோட். அதே மன்னார்த் தீவின் பேசாலைக்காரர், கத்தோலிக்கர், வீடுகளுக்குச் சுவர்ப்பலகை அடிக்கும் ஒப்பந்தக்காரர். ஒஷாவாவில் ஒரே வீட்டில் ஒருவர் சுவரையும் மற்றவர் தரையையும் செய்தபோது இருவரும் பழகினார்கள். பாங்க்ரொஃப்ட் பக்கத்தில் பண்ணை வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கமக்காரரின் காட்டில் வேட்டையாடக் கிளிபோட்டுக்கு அனுமதி இருந்தது. அங்கே ஒரு பழைய மரக்குடிலும் இருந்தது. கிளிபோட்டின் மனைவியின் தம்பி மரியோ மூன்றாமவர். பாரவண்டி ஓட்டுபவர், வாய் திறவாதவர். ஆண்டுதோறும் நவம்பரில் மூவரும் வேட்டைக்காரருக்குரிய செம்மஞ்சள் மேலங்கியை மாட்டிக்கொண்டு புறப்படுவார்கள்.

ஜவ்ஃபரின் வீட்டில் வேட்டை இறைச்சிக்கு ஒரு விதி உண்டு. விசையை அழுத்தும்போது பிஸ்மி, அதாவது இறைவனின் பெயர், சொல்ல வேண்டும். விலங்கு உயிரோடு விழுந்தால் கத்தியால் அறுக்க வேண்டும். அந்தக் குண்டினாலேயே இறந்துவிட்டால் உண்ணலாம். ஆனால் வேறொருவர், அந்தப் பெயரைச் சொல்லாதவர், சுட்ட குண்டும் அதே விலங்கில் பட்டு, எந்தக் குண்டு கொன்றது என்று தெரியாமற் போனால், அந்த இறைச்சியை விட்டுவிட வேண்டும். இதில் தீட்டு என்ற பேச்சே கிடையாது. தெரியாததை உண்ணாதே என்பது மட்டுமே.

இந்த விதியை ஜவ்ஃபர் முதலாம் ஆண்டே குடிலின் அடுப்படியில் இருந்து விளங்கப்படுத்தினார். அதற்கேற்ப மூவரும் ஓர் ஒழுங்கு செய்துகொண்டார்கள்: முதலில் சுட்டவர் குரல் கொடுக்கும்வரை மற்றவர் விசையில் விரல் வைக்கக்கூடாது. அதை மரியோவுக்கு இரண்டு தடவை திருப்பிச் சொன்னவர் வேறு எவருமல்லர், கிளிபோட்தான். இதை வாசகர் நினைவில் இருத்த வேண்டும்.

இனி ஜவ்ஃபர் சுடும் முறையைச் சொல்கிறேன். தசை களைக்கும், எலும்பு களைக்காது என்பார் அவர். ஆகவே துவக்கின் பாரம் எலும்பில் இறங்கி எலும்பின் வழியே நிலத்துக்குப் போக வேண்டும். படுத்துச் சுடுவதே எல்லா நிலைகளிலும் உறுதியானது; ஆனால் நவம்பர்க் காட்டில் படுத்தால் காய்ந்த புல்லைத் தவிர வேறொன்றும் தெரியாது. முழங்கால் ஊன்றிச் சுடுவது விரைவானது. அவருடைய முழங்கால்கள் அதற்கு உதவமாட்டா. நின்று சுடுவது, அவர் சொல்லின்படி, காற்றடிக்கும்போது ஏணியில் நின்று ஆணி அடிப்பது போன்றது. எனவே அவர் அமர்ந்து சுடுகிறவர்.

ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து, குதிக்கால்களை மண்ணில் ஊன்றி, முழங்கைகளை முழங்கால்களின் உட்பக்கச் சரிவில் பதிப்பார். முழங்கைச் சில்லை முழங்காற் சில்லின் மேல் வைக்கக்கூடாது. எலும்பின் மேல் எலும்பு வழுக்கும், சதையின் மேல் எலும்பு தங்கும். முன்னால் ஒரு கவைக்கோலை நட்டு, அதன் கவட்டில் துவக்கின் மரப்பகுதியை இருத்துவார். இரும்புக் குழலை எதன் மீதும் வைக்கமாட்டார். குழல் எதிலாவது முட்டினால் குண்டு வேறெங்கோ போகும். பிறகு கண்களை மூடுவார். மூடித் திறக்கும்போது துவக்கின் மேலுள்ள தொலைநோக்கியின் குறுக்குக்கோடு குறித்த இடத்திலேயே நின்றால் உடம்பு சரியான திசையில் இருக்கிறது என்று பொருள். விலகியிருந்தால் கையால் இழுத்துத் திருத்துவதில்லை. இடுப்பை நகர்த்தி, இருக்கும் திசையையே மாற்றுவார். கையால் இழுத்துப் பிடித்த துவக்கு, சுடும் கணத்தில் தான் வந்த திசைக்கே திரும்பிவிடும்.

இத்தனை கவனம் எதற்கு என்று நான் கேட்டிருக்கிறேன். பிஸ்மி சொல்லும்போது, இந்த உயிரை நான் எடுக்கிறேன் என்று தெரிந்து சொல்ல வேண்டும் என்றார். கை நடுங்கிக்கொண்டிருக்க, பட்டால் படட்டும் என்று சொல்வது சொல்லாததற்குச் சமமாம்.

அவர் கொண்டுவரும் இறைச்சியை ஏழெட்டு வீடுகள் உண்டன. அவருடைய மனைவி ரைஹானா அதைப் பங்கிட்டுப் பைகளில் இட்டு, மில்லிக்கனில் உள்ள உறவினர்களுக்கும், றிச்மண்ட் ஹில்லில் உள்ள மூத்த மகள் ரிஸ்னாவுக்கும், மஸூர் என்ற முதியவருக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார். மஸூர் கடை இறைச்சியில் நம்பிக்கை இல்லாதவர். தெரிந்த கை அறுத்ததை மட்டும் உண்பவர். அவர்கூட ஜவ்ஃபரின் வீட்டுப் பையை ஒன்றும் கேட்காமல் வாங்கி நேரே சமையலறைக்குக் கொண்டுபோவார். ஜவ்ஃபருக்கு வங்கியில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது; அவருடைய உண்மையான சொத்து இந்த நம்பிக்கை என்பது தெரியும்.

நான் சொல்ல வந்த சம்பவத்துக்கு முந்திய ஆண்டில் பெரிய கொம்பன் மான் ஒன்று ஜவ்ஃபரின் முன்னால் வந்தது. அப்போது அவர் ஒரு சதுப்பைக் கடந்துகொண்டிருந்தார். சாய மரமில்லை, இருக்க உலர்ந்த நிலமில்லை. துவக்கைத் தோளுக்கு உயர்த்தினார். குறுக்குக்கோடு மானின் தோளிலிருந்து வயிற்றுக்கும் வயிற்றிலிருந்து வானத்துக்குமாக அலைந்தது. துவக்கைத் தாழ்த்திவிட்டார். கொம்பன் நடந்து போய்விட்டது. மேட்டில் நின்ற கிளிபோட் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று தொடங்கிய கேலி ஆண்டு முழுவதும் ஓயவில்லை. கிளிபோட்டின் கராஜில் நண்பர்கள் கூடும்போதெல்லாம் அது புதிதாகப் பிறந்தது.

"நானா, அடுத்த முறை ஒரு சோபாவும் ஏத்திக்கொண்டு போவம். மானையும் கூப்பிட்டுப் பக்கத்திலை இருத்தி, தேத்தண்ணி குடுத்து, சுகம் விசாரிச்சுப்போட்டுச் சுடலாம்," என்பார் கிளிபோட். அண்ணன் என்ற பொருளில் ஜவ்ஃபரை நானா என்றழைப்பது அவர் வழக்கம்.

"எனக்குப் பிடிமானம் கிடைக்கேல்லை, சுடேல்லை," என்பார் ஜவ்ஃபர். "காயப்படுத்தி அனுப்பியிருந்தா நீரோ போய்த் தேடியிருப்பீர்?"

எல்லோரும் சிரிப்பார்கள். ஜவ்ஃபரும் சிரிப்பார். கேலிக்குச் சிரிப்பது சிநேகிதத்தின் கடன் என்று அவர் எண்ணியிருக்கலாம். அந்தச் சிரிப்புத்தான் கிளிபோட்டுக்குத் துணிவைக் கொடுத்தது என்பது என் எண்ணம்.

அடுத்த நவம்பர் வந்தது. கிளிபோட் மேட்டில் ஒரு பாறையருகே நின்றார். மரியோ கீழ்ச் சதுப்பின் ஓரமாக மெதுவாக நடந்து மான்களை எழுப்பினார். ஜவ்ஃபர் நடுச்சரிவில் ஒரு மேப்பிள் மரத்தடியில், நான் மேலே விவரித்தபடியே, அமர்ந்திருந்தார்.

மரங்களுக்கிடையே ஒரு கொம்பன் வெளிப்பட்டு, நின்று, மரியோ வந்த திசையைத் திரும்பிப் பார்த்தது. ஜவ்ஃபர் கண்களை மூடித் திறந்தார். கோடு சற்றே பின்னால் விலகியிருந்தது. இடுப்பை நகர்த்தினார். மறுபடி மூடித் திறந்தார். இப்போது கோடு முன்னங்காலுக்குப் பின்னால் அசையாமல் நின்றது. மூச்சைப் பாதி விட்டார். பிஸ்மி சொன்னார். சுட்டார்.

மான் துள்ளியது. சில பாய்ச்சல்கள் பாய்ந்து, கால்களை அகட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி நின்றது. நெஞ்சில் குண்டு பட்ட மான் அப்படித்தான் நிற்கும் என்று ஜவ்ஃபர் சொல்கிறார். சற்று நேரத்தில் தானே சரிந்துவிடும். அந்த வேளையில் செய்யவேண்டியது காத்திருப்பது ஒன்றே. அவர் அடுத்த குண்டை ஏற்றி, கோட்டை மானின் மேல் வைத்தபடி காத்திருந்தார். குரல் கொடுக்கவில்லை.

மேட்டிலிருந்து வெடி கேட்டது. மான் அறுந்து விழுந்தது.

கிளிபோட் துவக்கை ஒரு கையில் உயர்த்திப் பிடித்தபடி சரிவில் இறங்கி வந்தார்.

"கழுத்திலை, நானா. நிண்ட நிலையிலை. உம்மட மரமும் வேண்டாம், தடியும் வேண்டாம். பாரும்."

உண்மையில் கிளிபோட் நெஞ்சைக் குறிவைத்தார், குண்டு கழுத்தில் போய்ப் பட்டது. இதைக் கிளிபோட்டே அன்று மாலை மரியோவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். இன்றுவரை ஊருக்குச் சொல்வது மட்டும் கழுத்தையே குறிவைத்ததான கழுத்துக் கதை.

ஜவ்ஃபர் போனபோது மானில் உயிர் இல்லை. அதைத் திறந்து பார்த்தார். ஒரு குண்டு நெஞ்சறையை ஊடுருவிச் சென்றிருந்தது. மற்றது கழுத்தெலும்பை நொறுக்கியிருந்தது. முதலாவது எப்படியும் கொன்றிருக்கும்; அது கொல்வதற்கு முன் இரண்டாவது வந்துவிட்டது. அவர் எழுந்து கத்தியைத் துடைத்தார். தன் பங்கு வேண்டாம் என்றார்.

கிளிபோட்டுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார். ஜவ்ஃபரின் குண்டுதான் கொன்றது என்று தான் சத்தியம் செய்வதாகச் சொன்னார். ஜவ்ஃபர் ஒழுங்கை நினைவுபடுத்தினார்: முதலில் சுட்டவர் குரல் கொடுக்கும்வரை. மான் மறுபடி ஓடியிருந்தால் என்ன செய்வது, உம்மை நம்பி இன்னொரு கொம்பனைத் தப்ப விடச் சொல்கிறீரா என்று கிளிபோட் கேட்டார். மரியோ தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு," என்றார் கிளிபோட். "ஆருக்குத் தெரியப்போகுது? நீர் சொன்னால்தானே."

"இறைச்சி வாங்குற சனம் என்னட்டைக் கேக்காமல் சாப்பிடுறதே, இப்பிடியொண்டு நடந்தால் நான் சொல்லுவன் எண்டுதான்," என்றார் ஜவ்ஃபர்.

அவர் தன் பொருட்களை எடுத்துக்கொண்டு அன்றே ரொறன்ரோவுக்குத் திரும்பினார். இங்கே அவர் ஒரு பிழை செய்தார். அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ரைஹானாவிடம், "இந்த முறை இறைச்சி இல்லை," என்று மட்டும் சொன்னார். காரணம் சொல்லவில்லை. நடந்ததை வாய்விட்டுச் சொன்னால் சிநேகிதனைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று நினைத்தாராம். பாருங்கள், அந்த நேரத்திலும் அவர் கிளிபோட்டின் மானத்தைத்தான் காத்தார்.

அடுத்த வாரம் ஜவ்ஃபர் ஒஷாவாவில் ஒரு நிலவறைக்குத் தரை பதித்துக்கொண்டிருந்தபோது, கிளிபோட் அவருடைய வீட்டுக்கு வந்தார். வெட்டித் துப்புரவாகச் சுற்றிய இறைச்சிப் பொதிகளை வாசலில் இறக்கினார். ரைஹானா வியப்புடன், இந்த முறை இல்லையென்றல்லவா சொன்னார் என்று கேட்டார்.

"அவர் சுட்ட மான்தான் அக்கா. கோவத்திலை பங்கை விட்டிட்டு வந்திட்டார்."

"என்ன கோவம்?"

"உங்கட மனுசன் கோவிக்கிறதுக்குக் காரணமும் வேணுமோ?"

ரைஹானா சிரித்துவிட்டார். கணவரின் குணம் அவருக்குத் தெரியும். கிளிபோட்டையும் பதினைந்து ஆண்டாகத் தெரியும். பொதிகளை உள்ளே எடுத்தார். வழக்கம்போல் பங்கிட்டார். அன்று காலையும் மதியமுமாக வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

கிளிபோட் இதைச் சமாதானத்துக்காகவே செய்தார் என்று கடைத்தொகுதி நீதிபதிகள் சொல்கிறார்கள். நல்ல சமாதானம். ஒரு மனிதர் நேருக்கு நேர் வேண்டாம் என்று சொன்னதை, அவர் இல்லாத நேரம் பார்த்து, அவருடைய மனைவியின் கையாலேயே அவருடைய சுற்றத்துக்கு ஊட்டுவதற்குப் பெயர் சமாதானம் என்றால், வஞ்சகத்துக்கு நாம் புதிதாக ஒரு சொல் தேடவேண்டியிருக்கும். நன்மையைச் செய்ய நினைத்தவர் பொய்யை ஏன் சொன்னார்? "இரண்டு பேரும் சுட்டோம், எடுப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்" என்று வாசலில் நின்று சொல்ல எத்தனை நேரம் பிடித்திருக்கும்?

மாலையில் ஜவ்ஃபர் வீட்டுக்குள் நுழைந்தபோது அடுப்பில் இறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது. என்ன இறைச்சி என்று கேட்டார்.

"உங்கட மான்தான். கிளிபோட் கொண்டுவந்து தந்தார்," என்றார் ரைஹானா.

அவர் அடுப்பை அணைத்தார். கதிரையில் இருந்து, காட்டில் நடந்ததை முதன்முறையாகச் சொன்னார். ரைஹானா முகத்தை மூடிக்கொண்டார். பிறகு அவருக்கும் கோபம் வந்தது. அது கணவர் மேல் வந்த கோபம்.

"ரிஸ்னாட வாப்பா, அண்டைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்தாளுக்குக் கதவே திறந்திருக்கமாட்டன். நீங்க வாயை மூடினது அவருக்காக. இப்ப என்ட கையால எல்லாருக்கும் குடுத்திட்டன்."

ரைஹானா மேற்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, கொடுத்தது நான், திருப்பிக் கேட்கவும் நானே வருகிறேன் என்றார். இருவரும் காரில் ஏறினார்கள்.

ஒவ்வொரு வாசலிலும் ஒரே கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. சிலர் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒருவர், காட்டில் வைத்துத் தெரிந்ததை வீடு வந்து சேர்ந்த பிறகும் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நியாயமான கேள்வி. றிச்மண்ட் ஹில்லில் ரிஸ்னா, மசாலா தடவி ஊறவைத்திருந்த சட்டியை அப்படியே தூக்கிக் குப்பையில் கொட்டினாள். "கிளிபோட் அங்கிள் ஏன் வாப்பா இப்படிச் செய்தவர்?" என்று மட்டும் கேட்டாள். சிறுவயதில் அவளுக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கியவர் கிளிபோட்.

மஸூரின் வீட்டில் காலம் கடந்துவிட்டது. காலையிலேயே கிடைத்த பையைச் சமைத்து, மதியமே அவரும் மனைவியும் உண்டுவிட்டார்கள். ஜவ்ஃபர் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடித்தபின் மஸூர் தன் தாடியைத் தடவினார்.

"தெரியாமல் திண்டதுக்குக் குற்றம் பிடிக்க மாட்டான் அல்லாஹ்," என்றார். "உங்களையும் நான் குறை சொல்லல்ல. ஆனா தம்பி, இனி நீங்க தந்தா கேட்டுட்டுத்தான் வாங்குவன். மனசில வைக்காதீங்க."

மனதில் வைக்காதீர்கள் என்று சொன்னால் வைக்காமல் இருந்துவிட முடியுமா? மஸூர் குரலை உயர்த்தி ஏசியிருந்தால் ஜவ்ஃபர் தாங்கியிருப்பார். அவர் அன்பாகத்தான் பேசினார். அந்த அன்பான குரலில், இத்தனை ஆண்டு சேர்த்த ஒன்று கைவிட்டுப் போயிற்று.

ரைஹானாவை வீட்டில் இறக்கிவிட்டு, ஜவ்ஃபர் திரும்பச் சேகரித்த பொதிகளுடன் நேரே கிளிபோட்டின் கராஜுக்குச் சென்றார். கிளிபோட்டும் மரியோவும் அங்கே இருந்தார்கள். இனி வருவதை மரியோ எனக்கு ஒரு மரணவீட்டு மண்டபத்தில் வைத்துச் சொன்னார். ஜவ்ஃபர் சொன்னதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. ஜவ்ஃபர் எதையும் எறியவில்லை. பொதிகளை ஒவ்வொன்றாகக் குளிர்ப்பெட்டியின் மேல் அடுக்கி வைத்தார்.

"வெளிக்கிடும்," என்றார் கிளிபோட்டிடம். "மஸூர் நானாட வீட்டுக்கு வாரும். ரெண்டாவது குண்டு என்ரை, ஜவ்ஃபர் வேண்டாமெண்டு சொல்லக் கேட்டுப்போட்டும் கொண்டுபோய்க் குடுத்தது நான் எண்டு உம்மட வாயாலை சொல்லும். வேறையொண்டும் எனக்கு வேண்டாம்."

"என்ன நானா, கோர்ட்டிலை சாட்சி சொல்லவோ கூப்பிடுறீர்?"

"ஓம். அப்பிடித்தான் வைச்சுக்கொள்ளும்."

கிளிபோட்டின் முகம் மாறியது. ஒரு துண்டு இறைச்சிக்காகத் தான் வீடு வீடாய்ப் போய்த் தலைகுனிய வேண்டுமா என்று கேட்டார். நல்லதை நினைத்துச் செய்தவனுக்கு இதுதானா பரிசு என்றார். ஜவ்ஃபர் அசையவில்லை. அப்போதுதான் கிளிபோட் அந்தச் சொல்லை எடுத்தார்.

"இப்ப விளங்குது. எங்கட கை பட்டால் உங்களுக்குத் தீட்டு. அதை நேரா சொல்லுமன்."

பதிலில்லாத மனிதன் எட்டிப் பிடிக்கும் கல் இது. சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவர் அவர்; ஒழுங்கை மீறியவர் அவர்; பொய் சொல்லி இறைச்சியைப் புகுத்தியவர் அவர். ஆனால் தீட்டு என்ற ஒரு சொல்லை நடுவில் வீசியதும், காயப்பட்டவர் தானே என்றாகிவிட்டது.

"உம்மட மேசையிலை எத்தினை நாள் இருந்து மீனும் சோறும் திண்டிருப்பன்?" என்றார் ஜவ்ஃபர். "உம்மட அம்மா செத்த வீட்டிலை மூண்டு நாள் நிண்டு வேலை செய்தன். அண்டைக்கு எல்லாம் உம்மட கை என்ன கையாய் இருந்தது? நான் கேட்டது கையை இல்லை. வாயை. உண்மையைச் சொல்ல ஒரு வாய்."

கிளிபோட் மரியோவைப் பார்த்து, கராஜ் கதவைத் திற, நானா போகப்போகிறார் என்றார். மரியோ கதவைத் திறந்தார். எல்லாவற்றையும் அறிந்த மரியோ, காட்டிலும் கராஜிலும் நேரில் நின்ற மரியோ, கதவைத் திறந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. இதையெல்லாம் கடைத்தொகுதியில் சொல்லக்கூடாதா என்று அவரிடம் கேட்டேன். அக்காவின் கணவர், என்ன செய்வது என்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டார் என்பதற்காக நான் அவரை மன்னித்துவிடவில்லை.

தீட்டுக் கதை ஒரு வாரத்துக்குள் மில்லிக்கன் முழுவதும் பரவியது. ரைல்ஸ் வேலைக்கு அழைத்திருந்த கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று, வேறு ஆளை ஒழுங்கு செய்துவிட்டோம் என்று ஜவ்ஃபருக்குச் செய்தி அனுப்பியது. காரணம் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

இந்த நவம்பரில் ஜவ்ஃபர் தனியாகப் போனார். கமக்காரரின் காடு இனி அவருக்கு இல்லை. அதற்கும் வடக்கே, எவரும் அனுமதியுடன் வேட்டையாடக்கூடிய அரச நிலத்துக்குப் போனார். மான்களை எழுப்பி அனுப்ப அங்கே ஆளில்லை. மூன்று நாள் வெறுங்கையுடன் இருந்தார். ஒருமுறை ஒரு மான் வந்தது. நின்ற இடத்தில் சாய மரமில்லை, விட்டுவிட்டார். நான்காம் நாள் ஒரு பெட்டை மான் வந்தது. அமர்ந்திருந்தார். ஒரு குண்டு. விழுந்த இடத்திலிருந்து அந்த முழங்கால்களோடு அதைப் பாதைவரை இழுத்து வர ஒரு பகல் போயிற்று. உதவிக்கு ஆளில்லாமல் ஏன் போனீர்கள் என்று கடிந்துகொண்டேன். ஆளோடு போய்ப் பார்த்ததுதானே என்றார்.

இறைச்சியைக் கொண்டு முதலில் மஸூரிடம் போனார். பையை நீட்டினார். மஸூர் கையை நீட்டவில்லை.

"ஆர் சுட்டது, தம்பி?"

"நான்."

"வேற ஆரும் பக்கத்தில நிண்டதா?"

"இல்லை."

"எத்தினை குண்டு?"

அந்தக் கேள்வியைக் கேட்டவர் மேல் தனக்குக் கோபமில்லை என்று ஜவ்ஃபர் பின்பு என்னிடம் சொன்னார். கேட்கவேண்டிய நிலைக்கு அந்த முதியவரைக் கொண்டுவந்தவர், அதே நேரத்தில் எங்கோ ஒரு கராஜில் கழுத்துக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார் என்பதை நினைத்தபோதுதான் பல்லைக் கடித்தாராம். ஆயினும் வாசலில் நின்றபடியே பதில் சொன்னார். எந்த மரத்தில் சாய்ந்தார், கோல் எங்கே நின்றது, மான் எந்தப் பக்கம் பார்த்தது, எப்போது பிஸ்மி சொன்னார், குண்டு எங்கே நுழைந்தது என்று ஒன்றையும் விடாமல் சொன்னார். மஸூர் முழுவதையும் கேட்டார். கேட்டபின் பையை வாங்கிக்கொண்டார்.

ஜவ்ஃபர் படியிறங்கிக் காரில் ஏறி, அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கே கதவைத் திறந்தவர்கள் சலாம் சொல்லி உள்ளே வரும்படி அழைத்தார்கள். இறைச்சியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஜவ்ஃபர் உள்ளே போகவில்லை. பையைக் கையில் பிடித்தபடி, அவர்கள் கேட்பதற்கு முன்பே, தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.